தீவட்டியிலிருந்து பகல் வெளிச்சத்துக்கு: 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அரச இறுதிச்சடங்கும் துக்கமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அடக்கம் இரவில்தான் நடக்கும். விண்ட்சர் கோட்டைக்குள் இருக்கும் புனித ஜார்ஜ் ஆலயத்துக்குத் தீவட்டி வெளிச்சத்தில் பேழை வந்து சேரும். பிரபுக்களும் ஆயர்களும் அரசவைக் கட்டியக்காரர்களும் சூழ்ந்து நிற்க, இறந்தவரின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நிலவறைக்குள் இறக்குவார்கள். 1901 பிப்ரவரியில் விக்டோரியாவின் பேழை லண்டனைக் கடந்தபோது பட்டப்பகல். தெருவின் இருபுறமும் மக்கள் வெள்ளம். பேழையின் மேல் வெள்ளைப் போர்வை. சினிமா கேமராக்கள் அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன.

அரசாட்சியின் அதிகாரம் சுருங்கச் சுருங்க அதன் ஆடம்பரம் பெருகியது என்பது இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் பகல், வெள்ளை நிறம், மாலுமிகள் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூலம் தேடிப் போனால், விதவைகளான இரண்டு அரசிகள் விட்டுச்சென்ற இறுதி விருப்பங்கள் வழியில் தவறாமல் குறுக்கிடுகின்றன. ஒருவர் அடிலெய்டு, மற்றவர் விக்டோரியா. உயர்குடிப் பெண்கள் அடக்கத்துக்குப் போவது முறையல்ல என்று கருதிய சமூகத்தில், அந்தச் சடங்கைத் திருத்தி எழுதியதில் பெண்களுக்கு இருந்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

இரவுச் சடங்கின் தன்மையைக் காட்ட 1817 நவம்பர் 6ஆம் தேதி நேர்ந்த மரணம் ஒன்றே போதும். வருங்கால மன்னரின் ஒரே மகள், 21 வயது இளவரசி சார்லட், கிளேர்மான்ட் மாளிகையில் ஆண் குழந்தையை இறந்தே பிரசவித்து, சில மணி நேரத்தில் தானும் இறந்தாள். நாடு துடித்துப்போனது. துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிற்று. ஏழைகள் கையில் ஒரு கறுப்புப் பட்டையாவது கட்டிக்கொண்டார்கள். துக்க காலம் நீண்டால் பிழைப்பு போய்விடும் என்று ரிப்பன் தயாரிப்பாளர்கள் அரசுக்கு மனுக் கொடுக்கும் அளவுக்குத் துக்கம் சந்தையைத் தொட்டது. பிரசவம் பார்த்த மருத்துவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் சில மாதங்களில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இவ்வளவு பேர் அழுத மரணத்தின் அடக்கமோ, நவம்பர் 19ஆம் தேதி இரவில், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்க, கோட்டைச் சுவருக்குள் முடிந்தது. மக்களின் துக்கமும் அரச குடும்பத்தின் சடங்கும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்று மன்னர்கள் இதே முறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள்: 1820இல் மூன்றாம் ஜார்ஜ், 1830இல் நான்காம் ஜார்ஜ், 1837இல் நான்காம் வில்லியம். இவற்றைவிட 1827 ஜனவரியில் நடந்த, மூன்றாம் ஜார்ஜின் மகன் யார்க் கோமகனின் இரவு அடக்கம்தான் அதிகம் நினைவுகூரப்படுகிறது, காரணம் குளிர். கல்தரையில் நெடுநேரம் நின்றவர்களில் பலர் படுக்கையில் விழுந்தார்கள். விரைவிலேயே பிரதமரான ஜார்ஜ் கேனிங்கின் உடல்நிலை அன்று பிடித்த குளிருக்குப் பிறகு தேறவே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார்.

இந்த வழக்கத்தில் முதல் விரிசல் 1843இல் விழுந்தது. மூன்றாம் ஜார்ஜின் இன்னொரு மகனான சசெக்ஸ் கோமகன் விண்ட்சரை வேண்டாமென்று சொல்லி, லண்டனின் கென்சல் கிரீன் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு இடம் கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது அடிலெய்டின் விருப்பம். நான்காம் வில்லியமின் விதவையான அவர் 1849 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தார். ஆடம்பரம் கூடாது, உடலைப் பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது, ஊர்வலம் வேண்டாம், அடக்கம் பகலில் நடக்க வேண்டும், பேழையை மாலுமிகள் சுமக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கணவர் இளமையில் கடற்படையில் இருந்தவர். மாலுமிகளைக் கேட்டதன் பொருள் அதில் இருக்கிறது. கேட்டபடியே நடந்தது. அந்தச் சிறிய சடங்கைப் பெரும்பாலான வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்ததன் வித்து அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு நேர் எதிரான காட்சியை மூன்றே ஆண்டுகளில் லண்டன் கண்டது. படைத்தலைவர் வெலிங்டன் கோமகன் அரசர் அல்ல. ஆனால் 1852 நவம்பர் 18ஆம் தேதி அவருக்கு நடந்த அரசு மரியாதை அடக்கம் எந்த மன்னருக்கும் நடக்காதது. பல டன் எடையுள்ள வெண்கலத் தேரைப் பன்னிரண்டு குதிரைகள் இழுத்தன. தேரின் வடிவமைப்பில் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கும் பங்கு இருந்தது. வழியில் சக்கரங்கள் சேற்றில் புதைய, போலீஸ்காரர்கள் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். செயின்ட் பால் ஆலய வாசலில் பேழையை இறக்கும் பொறி சிக்கிக்கொண்டு மேலும் தாமதம். சாவை வைத்து நடக்கும் வியாபாரம் என்று சார்லஸ் டிக்கன்ஸ் இதைக் கண்டித்து எழுதினார். அப்படியிருந்தும், தெருவில் நின்று ஒரு மரணத்தைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் வருவார்கள் என்பது அன்று உறுதியாயிற்று.

ஒன்பது ஆண்டுகளில் ஆல்பர்ட்டே போய்ச் சேர்ந்தார். 1861 டிசம்பர் 14ஆம் தேதி இரவு, விண்ட்சர் கோட்டையின் நீல அறையில், 42 வயதில். டிசம்பர் 18ஆம் தேதி விக்டோரியா மகள் ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபிராக்மோர் தோட்டத்துக்குப் போய், இருவருக்குமான சமாதிக்கு இடம் குறித்துவிட்டு வந்தார். மறுநாள் வைட் தீவில் இருந்த ஆஸ்பர்ன் மாளிகைக்குப் புறப்பட்டார். 23ஆம் தேதி விண்ட்சரில் அடக்கம் நடந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். 20 வயது வேல்ஸ் இளவரசரும் 11 வயது ஆர்தரும் பேழைக்குப் பின்னால் நடந்தார்கள். பகலில், ஆடம்பரமில்லாமல் நடந்தது. சடங்குக்குள் அரசி இல்லை.

சடங்குக்குள் இடமில்லாத துக்கம் வீட்டுக்குள் குடியேறியது. நீல அறை இருந்தபடியே காக்கப்பட்டது. படுக்கை விரிப்பு மாற்றினார்கள். புதுப் பூ வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் முகம் மழிக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். வெந்நீர் சுமந்துபோன பணியாளைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். ஆவி பறக்கும் கூஜாவை ஆளில்லாத அறையில் வைத்துவிட்டு, ஆறிய பிறகு எடுத்துப்போவது அவருடைய வேலை. அரண்மனைப் பணியாளர்கள் 1869 வரை கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். 1862 ஜூலையில் ஆலிஸின் திருமணம் ஆஸ்பர்ன் சாப்பாட்டு அறையில், கிட்டத்தட்ட ஓர் இழவு வீட்டின் அமைதியில் நடந்தது.

அரண்மனை கறுப்பு உடுத்தியதால் நாடே கறுப்பு உடுத்தவில்லை. பெரிய துக்கக் கடைகள் ஆல்பர்ட்டின் மரணத்துக்கு முன்பே தோன்றிவிட்டன. லண்டன் ரீஜன்ட் தெருவில் ஜே என்பவரின் துக்க உடைக் கடை 1841இலேயே திறந்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே இருந்த வழக்கத்துக்கு அரசியின் நாற்பதாண்டுக் கைம்மை ஒரு முகம் கொடுத்தது. துக்கத்தின் துணி கிரேப். பட்டு நூலில் நெய்து, சூடான உருளைகளுக்கு இடையே செலுத்திச் சுருக்கம் ஏற்றுவார்கள். வெளிச்சம் பட்டாலும் மின்னாது. அந்த மங்கல்தான் அதன் மதிப்பு. எசெக்ஸில் கோர்ட்டால்டு குடும்பத்தின் ஆலைகள் இதனாலேயே பெருஞ்செல்வம் சேர்த்தன. விதவை முதல் ஓராண்டுக்கு உடை முழுவதும் இதைப் போர்த்திக்கொள்ள வேண்டும். தொட்டால் சொரசொரவென்றிருக்கும், மழைத்துளி பட்டால் கறை விழும், சாயம் இறங்கித் தோலில் ஒட்டும். பிறகுதான் படிப்படியாகச் சாம்பல் நிறமும் ஊதாவும். நகையென்றால் விட்பி ஊர்க் கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் ஜெட் என்னும், மரம் புதைந்து இறுகிய கறுப்புப் பொருள் மட்டும். 1870களின் தொடக்கத்தில் அந்தச் சிற்றூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செதுக்கிப் பிழைத்தார்கள்.

துக்கம் நீண்டபோது மக்களின் பரிவு தேய்ந்தது. பொது நிகழ்ச்சிகளில் அரசியைக் காணோம் என்ற முணுமுணுப்பு குடியரசுக் கோரிக்கையாக வளர்ந்து, 1871இல் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டில்க் வெளிப்படையாக மேடையில் பேசும் அளவுக்குப் போனது. இந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அடக்கத்தில் பங்கில்லாத ஒரு மனைவி துக்கத்தை வேறு எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பாள் என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலை அவரே 1897இல் எழுதினார். தான் ஒரு படைவீரரின் மகள், படைக்கும் தலைவி; ஆகவே அடக்கம் இராணுவ முறையில் நடக்க வேண்டும், பேழை பீரங்கி வண்டியில் வர வேண்டும். உடலைப் பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்பு கூடாது. முப்பத்தாறு ஆண்டுகள் கறுப்பிலேயே வாழ்ந்த பெண் தன் சாவுக்கு வெள்ளை கேட்டார்.

1901 ஜனவரி 22ஆம் தேதி ஆஸ்பர்னில் அவர் இறந்தார். முந்தைய மன்னரின் அடக்கம் நடந்து 63 ஆண்டுகள் கடந்திருந்தன. அதை நடத்திய அனுபவம் உள்ள அதிகாரி ஒருவரும் உயிரோடில்லை. மருத்துவர் சர் ஜேம்ஸ் ரீட் அரசி தந்த ரகசியப் பட்டியலின்படி பேழைக்குள் பொருள்களை வைத்தார்: ஆல்பர்ட்டின் அங்கி, அவர் கையின் சாந்து வார்ப்பு, புகைப்படங்கள். உடலுக்கு வெள்ளை ஆடை, முகத்துக்கு மணநாள் அன்று அணிந்த லேஸ் முக்காடு. பணியாளராக இருந்த ஜான் பிரவுனின் படத்தையும் தலைமுடியையும் இடது கையில் வைத்து, குடும்பத்தார் கண்ணில் படாதபடி பூவால் மூடினார். சடங்கு முழுவதும் அரசுடையது. இந்தப் பெட்டிக்குள் இருந்தது மட்டும் விக்டோரியாவுடையது.

பிப்ரவரி 2ஆம் தேதி லண்டனைக் கடந்து ரயிலில் விண்ட்சர் வந்த பேழை, நிலையத்துக்கு வெளியே பீரங்கி வண்டியில் ஏற்றப்பட்டது. குதிரைகள் குளிரில் நெடுநேரம் காத்து நின்றிருந்தன. இழுக்கத் தொடங்கியதும் வண்டியின் முன்பக்கக் குறுக்குக் கட்டை முறிந்தது. அங்கே மரியாதைக்காக நின்றிருந்த கடற்படை மாலுமிகளே இழுக்கட்டும் என்று பேட்டன்பர்க் இளவரசர் லூயிஸ் யோசனை சொன்னார். விண்ட்சர் ஏற்பாடுகளைக் கவனித்த ஃபிரெடரிக் பான்சன்பி புதிய மன்னரின் அனுமதி பெற்றுவந்தார். குதிரைகளை அவிழ்த்தார்கள். கைக்குக் கிடைத்த கயிறுகளைக் கட்டி, மாலுமிகள் தோள் கொடுத்து மேட்டில் இழுத்துச் சென்றார்கள். பீரங்கிப் படையினருக்கு அது தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

அந்த விபத்து வழக்கமாகிவிட்டது. 1910இல் ஏழாம் எட்வர்டு தொடங்கி, மன்னர்களின் பேழை வண்டியை மாலுமிகள் இழுத்தார்கள். 2022இல் இரண்டாம் எலிசபெத்தின் பேழையை 142 மாலுமிகள் இழுத்தபோது பலர் அதைப் பழம்பெரும் மரபாக எண்ணினார்கள். அதற்கு 121 வயதுதான். விண்ட்சர் நிலையத்தில் அன்று யாரும் அடிலெய்டை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பகலில், மாலுமிகள் கையில், ஒரு விதவை அரசி ஆலயத்துக்குப் போனது அதற்கு முன்பே ஒருமுறை நடந்திருந்தது.

பிப்ரவரி 4ஆம் தேதி ஃபிராக்மோரில் விக்டோரியாவை ஆல்பர்ட்டின் பக்கத்தில் வைத்தார்கள். ஆல்பர்ட் இறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சிற்பி மராக்கெட்டி இருவருக்கும் பளிங்கில் சயன உருவங்கள் செதுக்கியிருந்தார். ஆல்பர்ட்டின் உருவம் சமாதியில் இருந்தது. அரசியின் உருவம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் விண்ட்சரில் ஏதோ ஒன்றைச் சுவர் எழுப்பி மறைத்தது வயதான தொழிலாளி ஒருவருக்கு நினைவிருந்தது. சுவரை உடைத்து எடுத்தார்கள். 81 வயதில் இறந்தவரின் மேல், நாற்பதுகளில் இருந்த விக்டோரியாவைக் கிடத்தினார்கள்; பளிங்கு முகம் ஆல்பர்ட்டின் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறது.