எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பண்பலை ஆன்டெனா

பண்பலை வானொலியை உருவாக்கிய எட்வின் ஆம்ஸ்ட்ராங், 1934-இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து தம் சோதனைகளை நடத்தினார். தொலைக்காட்சிக்கு இடம் வேண்டுமென்று ஆர்.சி.ஏ. நிறுவனம் மறு ஆண்டே அவரை வெளியேற்றியது. பின்னர் அவர் ஹட்சன் ஆற்றின் மறுகரையில் ஆல்பைன் என்ற ஊரில் சுமார் 130 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். மூன்று நீண்ட குறுக்குக் கைகளுடன் அது இன்றும் நிற்கிறது.

ஆனால் உயரம் மட்டும் போதாது. பண்பலையில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். கோபுரத்தின் எஃகுச் சட்டங்களும் ஏறக்குறைய இதே அளவில் அமைவதுண்டு. அதனால் கோபுரத்தின் பக்கவாட்டில் பொருத்திய ஆன்டெனாவின் அலையை அவை வாங்கித் திரும்ப வீசுகின்றன. இரு அலைகளும் ஒத்துச் சேரும் திசையில் சமிக்ஞை வலுக்கும். முரண்படும் திசையில் நலியும். அத்திசையில் உள்ள ஊர், நிலையத்துக்கு அருகில் இருந்தாலும் இரைச்சலையே கேட்க நேரலாம். ஆன்டெனாவைத் தாங்கும் கையின் நீளத்தைச் சற்று மாற்றினால் இந்தப் பள்ளம் வேறு திசைக்கு நகர்ந்துவிடும்.

எம்பயர் ஸ்டேட் உச்சியிலோ இருப்பது மெல்லிய கம்பம் அல்ல, பருத்த கோபுரம். ஒரு பக்கம் மட்டும் ஆன்டெனா வைத்தால் மறுபக்கம் நிழலில் விழும். 1965-இல் ஆண்ட்ரூ ஆல்ஃபோர்டின் வடிவமைப்பு இதற்கு வழி செய்தது. 102-ஆம் மாடிச் சன்னல்களுக்கு மேலே 16, கீழே 16 என 32 இருமுனை ஆன்டெனாக்கள் கோபுரத்தைச் சுற்றி வளையங்களாக நிறுத்தப்பட்டன. தடையாக இருந்த கோபுரமே இப்போது வளையத்தின் நடுவாயிற்று. பல பண்பலை நிலையங்கள் அந்த ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொண்டன.