அம்மாயியின் பாசிமாலைக்கு என்ன வயசு?

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் தோழியின் லயத்துக்குப் போயிருந்தோம். அவளுடைய அம்மாயி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பாசிமாலையை எடுத்துக் காட்டினார். கருஞ்சிவப்புக் கண்ணாடிப் பாசி. நடுவில் பட்டை வைத்த பெரிய பாசி மூன்று. "எங்க பாட்டி கோப்பிக் காலத்துல இந்தியாவுல இருந்து இதக் கழுத்துல போட்டுக்கிட்டே நடந்து வந்தாங்க புள்ள" என்றார். வரலாறு படிக்கிற பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்போமா?

முதலில் இது கண்ணாடிதானா என்று பார்த்தோம். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் என்றால் சீக்கிரமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பல்லில் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் சத்தமும் வேறு. நாங்கள் மாலையைக் கடிக்கிறோம் என்று அம்மாயிக்கு ஒரே சிரிப்பு.

அடுத்து, எப்படிச் செய்தது? கண்ணாடிக் குழம்பைக் குழாய் மாதிரி இழுத்து நறுக்கிய பாசியில், உள்ளே இருக்கிற குமிழிகள் துளையோடு நீளவாக்கில் ஓடும். அரிக்கமேட்டிலும் மாந்தையிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சின்ன ஒற்றை நிறப் பாசிகள் இந்த வகை. கம்பியில் சுற்றிச் செய்ததென்றால் குமிழி துளையைச் சுற்றி வளையும். இந்த மாலையில் இரண்டுமே இல்லை. போன் கமராவில் பெருப்பித்துப் பார்த்தபோது பாசியின் இடுப்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அச்சில் வைத்து அழுத்தியபோது இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. பட்டைகளின் விளிம்பும் மழுங்கலாக இருந்தது. சாணையில் தீட்டியிருந்தால் கூராக இருக்கும்.

அச்சுப் பாசிக்குப் பேர் போன ஊர் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டின் வடக்கில் இருக்கும் யாப்லொனெட்ஸ். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வீட்டுக்கு வீடு பாசி வேலை. அங்கிருந்து பாசியும் கண்ணாடி வளையலும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஏராளமாக வந்தன. முதல் உலகப் போரில் அந்த வழி அடைபட, ஜப்பான் சரக்கு உள்ளே வந்தது. ஆகவே அச்சுக்கோட்டை மட்டும் வைத்து வருசம் சொல்ல முடியாது.

சொன்னது கொக்கிதான். அதில் பொடி ஆங்கில எழுத்தில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று குத்தியிருந்தது. அந்த நாடே 1918 அக்டோபர் 28இல்தான் பிறந்தது. 1992 முடிவோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோப்பியோ 1880களிலேயே நோய் விழுந்து அழிந்துபோனது. கொக்கியைப் பிறகு மாற்றியிருக்கலாம் என்பதும் உண்மைதான். நூல் நைலோன், அதை நிச்சயம் மாற்றியிருக்கிறார்கள்.

(பச்சைப் பாசி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட்டில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது யுரேனியக் கண்ணாடியாக இருக்கலாம். ஆனால் அதை இப்போதும் செய்கிறார்கள். ஒளிர்ந்தாலே பழசு என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீங்க.)

இதை அம்மாயியிடம் எப்படிச் சொல்வது? அங்கேதான் தயங்கினோம். 1948 குடியுரிமைச் சட்டம் கேட்டது அப்பா இலங்கையில் பிறந்ததற்கான ஆதாரத்தை. இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததற்கான ஆதாரத்தை. 1949 சட்டம் வருசக்கணக்கில் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்டச் சொன்னது. லயத்தில் யாரிடம் கடதாசி இருந்தது? "நீங்க எப்ப வந்தீங்க?" என்ற கேள்விக்கு இந்தக் குடும்பம் வைத்திருந்த பதில்தான் அந்தக் கோப்பிக் கதை. சட்டம் கேட்டது ஆண் வழியை, மாலை வந்தது பாட்டி வழியாக. அதனால் அது எந்தக் கந்தோரிலும் செல்லுபடியாகியிருக்காது.

மாலை பிந்தியது என்பதால் பாட்டியும் பிந்தி வந்தவர் என்று ஆகிவிடாது. கோப்பிக் காலத்தில் வந்தவரும் பிறகு இங்கே பாசி வாங்கியிருக்கலாம். 1924இல் பதுளைக்கு ரயிலே வந்துவிட்டது. இதை இப்படியே சொன்னோம். அம்மாயி கொஞ்ச நேரம் மாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப இங்கதான் வாங்கியிருப்பாங்க. சம்பளக் காசுல."

பிறகு, சம்பள நாளைக்குத் தலையில் பெட்டியோடு லயத்துக்கு வந்த வளையல்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் போனை எடுத்துப் பதிவு செய்தோம்.