வஜீர்ச் சந்தையில் தொடங்கிய அமைதி

போர் மூண்ட ஆண்டு, முடிந்த ஆண்டு, உடன்படிக்கையில் கையொப்பமிட்டோர் பெயர் ஆகிய மூன்றையும் மாணவர் நெட்டுருச் செய்துவிட்டால் வரலாற்றுப் பாடம் முடிந்ததென்று பல்லாண்டுகள் நான் கருதியிருந்தேன். அவ்வாறே கற்பித்தும் வந்தேன். கையொப்பம் விழுவதற்கு முன்னர் யார் யார் வீட்டுப் படியேறினார், யார் யாரிடம் மன்றாடினார் என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னர் நான் படித்தறிந்த ஒரு சிற்றூரின் கதை அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

ஆப்பிரிக்கப் படத்தில் கென்யா நாட்டின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். ஒருபுறம் சோமாலியா, மற்றொருபுறம் எத்தியோப்பியா. அம்மூலையில் உள்ள வறண்ட நிலப்பகுதியே வஜீர். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் சோமாலிய இனத்தார். ஒட்டகமும் மாடும் ஆடுமே அவர்கள் செல்வம். அஜுரான், தெகோதியா, ஒகாடென் எனப் பல குலத்தினராக அவர்கள் பிரிந்திருக்கின்றனர். நீரும் புல்லும் குறையுந்தோறும் குலத்திற்கும் குலத்திற்கும் பூசல் எழுவது அங்கே பழைய வழக்கம்.

பூசல் பழையது, கருவிதான் புதிது. 1991ஆம் ஆண்டில் சோமாலியாவில் அரசு வீழ்ந்தது. துப்பாக்கிகள் எல்லை கடந்து மலிந்தன. அக்காலத்திலேயே கொடிய வறட்சியும் வந்து கால்நடைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1992இல் நடந்த பொதுத் தேர்தல் எக்குலத்தார்க்கு எத்தொகுதி என்ற பகையை மேலும் மூட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

வஜீரில் தேகா இப்ராகிம் அப்தி என்ற இளம் பெண்மணி இருந்தார். 1993இல் ஓரிரவு அவர் வீட்டருகே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. கைக்குழந்தையுடன் அவர் கட்டிலடியிற் பதுங்கிக் கிடந்தார். பொழுது விடிந்தபின் பெண்கள் கூடிப் பேசினர். அப்பொழுது அவருடைய தாயார், 1960களின் நடுவில் அப்பகுதியில் நடந்த போரின்போது குழந்தை தேகாவுடன் தாமும் இவ்வாறே கட்டிலடியில் ஒளிந்ததை நினைவுகூர்ந்தாராம். தம் மகளும் ஒருநாள் தன் குழந்தையுடன் அதே கட்டிலடிக்குப் போக வேண்டியதுதானா என்ற கேள்வி தேகாவின் உள்ளத்தைத் தைத்தது. மூன்று தலைமுறைக்கும் ஒரே கட்டிலடி! வரலாறு கற்பித்த எனக்கு, அதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் உணர்த்தியதில்லை.

அந்நாட்களில் ஒரு திருமண வீட்டில் சந்தித்த பெண்கள் சிலர் இவ்வழிவைத் தாமே நிறுத்த முயல்வதென்று பேசத் தொடங்கினர். அவர்கள் வெவ்வேறு குலத்தார். ஆயினும் முதியோர் அவையிற் சென்று பேசப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. எங்கே தொடங்குவது? தங்கள் கைக்கு எட்டிய இடத்தில் தொடங்கினர். அதுவே சந்தை.

சந்தையில் விற்போரும் வாங்குவோரும் பெரும்பாலும் பெண்களே. பகை முற்றியதால் ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்துப் பெண்ணுக்குப் பொருள் விற்க மறுத்தாள். சிலரைச் சந்தைக்குள்ளேயே விடவில்லை. ஆதலின், எக்குலத்தாராயினும் அச்சமின்றி வந்து வாங்கலாம், விற்கலாம் என்று உறுதி செய்வதே அவர்களின் முதற்பணி ஆயிற்று. பெண்கள் குழு ஒன்று நாள்தோறும் சந்தையைக் கண்காணித்தது. எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் அக்குழுவிடம் முறையிடலாம். அங்கேயே தீர்வு காண்பார்கள். இதனைச் சிறு செயலென்று எண்ணிவிடாதீர்கள். பாலும் தானியமும் விற்கும் இடத்தில் பகை தணிந்தால், அன்று மாலை அத்தனை வீட்டு அடுப்பங்கரையிலும் அச்செய்தி பேசப்படும் அன்றோ?

சந்தை அடங்கிய பின்னரே அவர்கள் முதியோரை நாடினர். இங்கே அவர்களுடைய நுட்பத்தைக் காணுங்கள். பெருங்குலத்துத் தலைவர் எவர் முன்னின்று பேசினும் மற்றவர்க்கு ஐயம் எழும். ஆகவே மிகச் சிறிய குலம் ஒன்றைச் சேர்ந்த முதியவரே அனைவர் சார்பிலும் பேச முன்னிறுத்தப்பட்டார். வென்றாலும் அவருக்கு ஆதாயமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது இரண்டு தெருப் பிள்ளைகள் மோதிக்கொண்டால் பெரிய தெருவின் பெரியவரையே அழைத்துவருவேன். பெரும்பாலும் அது பயன்படாது. காரணம் எனக்கு இப்பொழுதுதான் விளங்குகின்றது.

1993 செப்டம்பரில் குல முதியோர் கூடி அல் ஃபத்தா அறிக்கை எனப்படும் உடன்பாட்டைச் செய்தனர். பின்னர் இளைஞர்களும் சமயப் பெரியோரும் அரசு அலுவலரும் சேர்ந்தனர். எங்கேனும் பூசல் மூளும் செய்தி வந்தால் உடனே விரையும் ஒரு குழு அமைந்தது. முதியோருடன் பெண்களும் அதில் இருந்தனர். 1995இல் இம்முயற்சிகள் மாவட்ட வளர்ச்சிக் குழுவின் ஓர் உறுப்பாக இணைக்கப்பெற்றன. அரசு தொடங்கி மக்கள் தொடர்ந்த பணியன்று இது. மக்கள் தொடங்கியதை அரசு ஏற்றுக்கொண்டது. 2008இல் கென்யா முழுவதும் தேர்தலுக்குப் பிந்திய கலவரத்தால் துயருற்றபோது, இத்தகைய அமைதிக் குழுக்களை எல்லா மாவட்டங்களிலும் நிறுவ வேண்டுமென்று நாட்டுத் தலைவர்கள் இசைந்தனர்.

பூசல் அதனோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. வறட்சி வரும்போதெல்லாம் அப்பகுதியில் மீண்டும் குருதி சிந்தியதுண்டு. ஆயினும் அப்பொழுது யாரிடம் ஓடுவது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் போர் தீர்க்கும் பணியில் பங்குபெற வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000 அக்டோபரில். வஜீர்ப் பெண்கள் அந்நாளைக்குக் காத்திருக்கவில்லை. தேகா அம்மையார்க்கு 2007இல் சுவீடனின் நேரிய வாழ்வுப் பரிசு அளிக்கப்பெற்றது. 2011இல் சாலை விபத்தொன்றில் அவர் உயிர் துறந்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொலைக்கு ஈடு கொடுக்கும் மரபு சோமாலியரிடையே உண்டு. கொல்லப்பட்டவன் ஆணாயின் நூறு ஒட்டகம், பெண்ணாயின் ஐம்பது. அமைதி பேசக் கூடும் அவைகளிலெல்லாம் இக்கணக்கு எண்ணப்படும். சந்தைக்கு நடந்த அப்பெண்கள் இக்கணக்கை நன்கு அறிந்தவர்கள்.