பிரசவ வலி இடைவெளி கணித்தல்

பிரசவ வலி இடைவெளி கணித்தல் என்பது கருப்பைச் சுருக்கங்களின் இடைவெளியையும் நீளத்தையும் கடிகாரம் பார்த்துக் குறித்து, மருத்துவமனைக்குப் புறப்படும் நேரத்தை முடிவு செய்யும் முறை. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை இடைவெளி. ஒரே வலியின் தொடக்கம் முதல் முடிவு வரை நீளம். முன் வலி முடிந்ததிலிருந்து எண்ணினால் இடைவெளி குறைவாகத் தெரியும்.

வலி வரும்போது வயிறு கல்லாக இறுகிப் பின் தளரும். மெய் வலி முதுகிலிருந்து முன்புறம் பரவி, வரவர நெருங்கி, வலுக்கும். தமிழகத்தில் சூட்டு வலி எனப்படும் பொய் வலி ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ பெரும்பாலும் அடங்கும். இப்பொய் வலிச் சுருக்கங்களை 1872இல் ஆங்கில மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் விவரித்தார். மெய் வலியா பொய் வலியா என்று அறிய வீட்டில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அது கடிகாரத்துக்கு மாற்றாகாது.

தலைப்பிரசவத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 1 நிமிடம் நீடிக்கும் வலி 1 மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம் என்பது பரவலான விதி. அடுத்தடுத்த பிரசவங்கள் பெரும்பாலும் விரைவானவை என்பதால் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைதல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், 37 வாரத்துக்கு முன் வலி ஆகியவற்றில் இடைவெளி பார்க்காமல் உடனே செல்ல வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள் வலி தொடங்கியதுமே செல்ல வேண்டும். தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.