நஞ்சில்லாக் காய்கறியும் மெய்ப்பிக்கும் சுமையும்

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் காய்கறி பயிரிடும் சிறு விவசாயியின் இடர்ப்பாடுகள் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் பேச்சு பூச்சியில் தொடங்கி விளைச்சலில் முடிந்துவிடுகிறது. இரண்டும் உண்மையான தொல்லைகளே. ஆனாலும் அவற்றுக்கு உழவர் பட்டறிவும் வேளாண் அறிவியலும் ஓரளவு வழி சொல்லியிருக்கின்றன. வழி காணப்படாத தொல்லை வேறொன்று. தான் நஞ்சிடவில்லை என்று மெய்ப்பிக்கும் செலவு முழுவதையும் அந்த விவசாயியே சுமக்கிறார். நிலம் சிறுக்கச் சிறுக்க அந்தச் சுமை ஏறிக்கொண்டே போகிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலப்பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. எனவே சிறு விவசாயிக்குப் பொருந்தாத எந்த ஏற்பாடும் இங்கே பெரும்பான்மைக்குப் பொருந்தாத ஏற்பாடுதான்.

முதலில் விளைச்சலைப் பார்த்துவிடலாம். 2012இல் ‘நேச்சர்’ இதழில் சோஃபர்ட், ராமன்குட்டி, ஃபோலி ஆகியோர் வெளியிட்ட தொகுப்பாய்வு, இயற்கை முறையில் பழங்களின் விளைச்சல் 3 விழுக்காடு மட்டுமே குறைவதாகவும் காய்கறிகளில் அது 33 விழுக்காடு வரை போவதாகவும் காட்டியது. எல்லாப் பயிர்களையும் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் போனிசியோ குழுவினர் ஆய்வு, சராசரி இடைவெளியை 19 விழுக்காடு என்று கணித்தது. பல பயிர் சேர்த்து விதைத்தாலோ பயிர்ச் சுழற்சியைக் கைக்கொண்டாலோ அது 8, 9 விழுக்காட்டுக்கு இறங்குவதையும் சுட்டியது. ஆக, இடைவெளியைச் சுருக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி மனித உழைப்பால் ஆனது. கத்தரியை எடுத்துக்கொள்வோம். காய்ப்புழு முதலில் இளந்தண்டைத் துளைக்கும். நுனி வாடித் தொங்கும். வாடிய நுனியைக் கிள்ளிச் சேர்த்து அழிக்காவிட்டால் அடுத்து காய்க்குள் போய்விடும். காய்க்குள் போனபின் எந்தக் கசாயமும் அதை எட்டாது. 60 செ.மீ. இடைவெளியில் நட்ட ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 11,000 செடிகள் நிற்கும். வாராவாரம் அத்தனை செடியையும் ஒருவர் குனிந்து பார்த்தாக வேண்டும். மருந்து தெளிப்பவருக்குப் புழுவை அடக்குவது ஒரு காலைநேர வேலை. இங்கே குனிவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்பு பெரும்பாலும் வீட்டின் செலவுக் கணக்கில் ஏறுவதில்லை.

உரத்தின் கணக்கும் இப்படியே சாய்ந்திருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 21 கிலோ. மானியம் போக அந்த மூட்டையின் அடிப்படை விலை, வரியும் வேம்புப்பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். அரை விழுக்காடு தழைச்சத்துள்ள தொழுவுரத்திலிருந்து அதே அளவைப் பெற நான்கு டன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் முதல் போகத்தில் முழுதாகக் கிடைக்காது. நான்கு டன் தொழுவுரத்தை ஏற்றி இறக்கும் கூலிக்கே 242 ரூபாய் போதாது. தொழுவுரம் மண்ணுக்குச் செய்வதைத் தழைச்சத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பது சரியான வாதமே. மண்ணின் ஈரப்பிடிப்பும் நுண்ணுயிர்ப் பெருக்கமும் யூரியா தருவன அல்ல. ஆனால் விவசாயியின் கையிலிருந்து போகும் காசு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஏக்கருக்கு ஜீவாமிர்தம் கரைக்க 10 கிலோ சாணமும் மாட்டுச் சிறுநீரும் வேண்டும் என்கிற கணக்கு, தொழுவத்தில் மாடு நிற்பதாக வைத்துக்கொண்டு போட்டது. மாடு இல்லாத வீடு அதையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். பொதுப்பணம் மூட்டையைத் தொடர்ந்து தாங்கி நிற்க, எருக்குழிக்குக் கிடைப்பது அவ்வப்போது வரும் திட்டம்.

நான் மிக முதன்மையாகக் கருதும் சான்று வரப்பில் இருக்கிறது. பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றோடு வரும். பாசன நீரோடும் வரும். அதனால் இயற்கை விவசாயி தன் நிலத்தின் ஓரத்தில் தடுப்புப் பட்டை விட வேண்டும் என்று சான்றளிப்பு நெறிகள் எதிர்பார்க்கின்றன. பட்டையின் அகலம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுரமான பத்து ஏக்கர் நிலத்தில் இது பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட விழுங்காது. சதுரமான ஒரு ஏக்கரில், பக்கம் 64 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், 29 சென்ட் போய்விடும். துண்டு நீளமாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். பட்டையில் அகத்தியோ ஆமணக்கோ வைத்துக் கொஞ்சம் பயன் காணலாம். ஆனால் காய்கறிக்கான நிலம் போனது போனதுதான். தெளிப்பவர் எதையும் விட வேண்டியதில்லை, யாரிடமும் எதையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தெளிக்காதவர் நிலத்தை இழந்து, பதிவேடு எழுதி, ஆய்வாளருக்குக் காத்திருந்து, தன் குற்றமின்மையை ஆண்டுதோறும் நிறுவ வேண்டும். விதியை எழுதியவர்களுக்கு இப்படியொரு நோக்கம் இருந்திருக்காது. ஆயினும் விதி விளைவித்திருக்கும் அநீதி இதுதான்.

விதிகளின் பிறப்பை நோக்கினால் காரணம் விளங்கும். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் 2001இல் மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் ஏற்றுமதியை மனத்தில் கொண்டு உருவானது. தேயிலை, காப்பி, நறுமணப் பொருள், பாசுமதி எல்லாம் உலர்ந்தவை, சேமிக்கலாம், பெரும்பாலும் ஒரே பயிர். அவற்றுக்குத் தைத்த சட்டையைக் காய்கறிக்கு மாட்டுகிறோம். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். தவறினால் முற்றி நாராகிவிடும். கீரை அன்றைக்கே விற்றாக வேண்டும். ஒரு ஏக்கரில் எட்டுப் பத்துப் பயிர் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் விதைப்பு, இடுபொருள், அறுவடைக் குறிப்பு வேண்டும். இதற்கு மேல், ஓராண்டுப் பயிருக்கு இரண்டாண்டு மாற்றுக்காலம் உண்டு. அந்த ஈராண்டும் விளைச்சல் குறைந்திருக்கும், ‘இயற்கை’ என்ற பெயரில் விலை கேட்க முடியாது. கமிஷன் மண்டிக்குப் போனால் நஞ்சில்லாத கத்தரியும் மருந்தடித்த கத்தரியும் ஒரே குவியலில் விழும். புழுத்துளை இருந்தால் விலை இன்னும் இறங்கும். நுகர்வோரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சான்று விலக்கு அளிக்கின்றன. நல்ல விலக்குதான். ஆனால் காலையில் பறித்து, பகலில் களையெடுத்து, மாலையில் கரைசல் தெளிக்கும் ஒருவரை அது வியாபாரியாகவும் நிற்கச் சொல்கிறது. காயைக் கடைக்காரரிடம் கொடுத்த நொடியே விலக்கு போய்விடும்.

சான்றைத் தளர்த்தினால் போலிகள் பெருகும் என்பது வலுவான மறுப்பு. போலி இயற்கைக் காய்கறியால் முதலில் நொந்துபோவது உண்மையான விவசாயிதான் என்பதால் இதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் நான் கேட்பது சோதனையைக் கைவிடுவதை அன்று. அதன் செலவை வேறிடத்துக்கு மாற்றுவதை. ஒரே ஊரில் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை 2011 முதல் இந்தியாவில் இருக்கிறது. பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் ஒருவர் மருந்தடிப்பது, ஆண்டுக்கொருமுறை வரும் ஆய்வாளருக்குத் தெரியாமல் அடிப்பதைக் காட்டிலும் கடினம். இதனுடன், சந்தைக்கு வரும் எல்லாக் காய்கறியிலும் பொதுச்செலவில் நச்செச்சம் சோதித்தால், மெய்ப்பிக்கும் கடமை நஞ்சிட்டவரையும் சேரும்.

கூடுதல் விலை கொடுக்க ஆள் இருந்தால் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு மறுப்பு. 2015இல் கிரௌடரும் ரெகனால்டும் 55 பயிர்களை ஆராய்ந்து, இயற்கை வேளாண்மை ரசாயன வேளாண்மையின் லாபத்தை எட்ட 5 முதல் 7 விழுக்காடு கூடுதல் விலையே போதும் என்றும், நடைமுறையில் கிடைக்கும் விலையில் அது 22 முதல் 35 விழுக்காடு வரை கூடுதல் லாபம் தருகிறது என்றும் கண்டனர். என் வாதத்துக்கு இது எதிரானது போலத் தோன்றலாம். அந்தக் கூடுதல் விலை யாருடைய கைக்கு வருகிறது என்பதே கேள்வி. மாநகரக் கடைக்குத் தரம்பிரித்து, கட்டி, குறித்த நாளில் அனுப்ப முடிந்தவருக்கு வருகிறது. ஒரு ஏக்கரில் வாரம் சில கூடை பறிப்பவருக்கு வருவதில்லை. தேவைப்படும் 7 விழுக்காடு பெரிய தொகையல்ல; ஆனால் அது அவர் வரப்பு வரை வந்துசேரப் பாதை இல்லை.

இலங்கையைக் காட்டி எச்சரிப்பவர்களும் உண்டு. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த அரசு, நெல்லும் தேயிலையும் மலையகக் காய்கறியும் அடிவாங்கியபின் நவம்பரில் பின்வாங்கியது. அந்தத் துயரம் காட்டுவது இயற்கை உழவின் தோல்வியை அன்று. எருவும் ஆளும் விலையும் ஏற்பாடு செய்யாமல் ஒரே ஆணையில் முழுப் பளுவையும் உழவர் மேல் இறக்கினால் என்ன ஆகும் என்பதையே அது காட்டுகிறது. தமிழ்நாடு 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னதற்கு அரசு ஆவணத்தில் இடம் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. கொள்கை இனி பளுவை இடம்மாற்ற வேண்டும்.

அதற்கொரு முன்மாதிரி உண்டு. பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கான கூட்டரசு நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்கச் செலவிட வேண்டும் என்றது. இயற்கை விளைபொருளுக்கு 30 விழுக்காடு வரை கூடுதல் விலை தரவும் அத்திட்டத்தில் இடமுண்டு. நமக்கு இதற்காகப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டின் சத்துணவு மையங்களில் அரிசியும் பருப்பும் அரசுக் கிடங்கிலிருந்து வருகின்றன; காய்கறியை மையப் பொறுப்பாளர் உள்ளூரிலேயே வாங்குகிறார். அந்தக் காய்கறிப் படியில் ஒரு சிறு உயர்வு அளித்து, பங்கேற்பு உத்தரவாதம் பெற்ற உள்ளூர் விவசாயிக்கு முன்னுரிமை தந்து ஓர் அரசாணை வெளியிட வேண்டும். கத்தரியும் கீரையும் பறித்த அன்றே, பறித்த ஊரிலேயே, அவ்வூர்ப் பிள்ளைகளின் தட்டுக்குப் போய்ச் சேரும்.