குன்றியும் கிரெயினும்: பழனிமலைச் சாரலில் மருந்தளவு

பழனி மூலவர் திருமேனியைப் போகர் நவபாடாணத்தால் அமைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. பாடாணம் நஞ்சு, அதனை மருந்தாக்குவதில் அளவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆதலின், அவ்வளவை முன்னோர் எவ்வாறு குறித்தனர் என்பது ஆராயத்தக்கது.

சித்த மருத்துவ நூல்களில் சிறுநிறைகளுக்கு அடிப்படை குன்றிமணி. இரு குன்றி ஒரு மஞ்சாடி. குன்றி விதையும் நஞ்சுடையதே. நஞ்சை நிறுக்க நஞ்சே படிக்கல்லாயிற்று! ஆயின் உண்போரை நிறுத்து அளவு கூறும் முறை பொதுவாக அங்கு இல்லை. வயது, உடல்வன்மை, நோயின் கடுமை ஆகியவற்றை நோக்கி மருத்துவர் கூட்டியும் குறைத்தும் கொடுத்தனர்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் குடியேறினர். மலையடியில் குன்றி வழங்க, அவர்தம் மருத்துவத்திலோ கிரெயின் வழங்கிற்று. அதுவும் தொடக்கத்தில் ஒரு தானியமணியே, நிறை 64.8 மில்லிகிராம். இக்காலச் சித்த மருந்து நூல்கள் குன்றியை 130 மில்லிகிராம் என்கின்றன. இரு கிரெயின் 129.6! வடநாட்டு ரத்தியும் இதே விதைதான். 180 கிரெயின் கொண்ட தோலாவில் 96 ரத்தி எனக் கொள்ள, அது ஏறத்தாழ 121.5 மில்லிகிராம் ஆகிறது. எனவே 130 என்பது பண்டையோர் நிறுத்துக் கண்ட எண் அன்று, கிரெயின் வழி வந்த முழுமையாக்கம் என்றே கருதுகிறேன். சுவடி பதிப்பிப்போர் மூலத்தில் குன்றி என்றே நிறுத்தி, மாற்றெண்ணை அடிக்குறிப்பில் தருதல் நன்று.

இவ்வேறுபாடு நூற்றுக்கு ஏழளவே. பெரிய வேறுபாடு உண்பவரிடத்தது. தாமசு யங் (1773–1829) பெயரால் வழங்கும் விதி, குழந்தையின் வயதை வயதோடு 12 கூட்டிய தொகையால் வகுக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்திலொரு பங்கு. கிளார்க் விதியோ எடையை நோக்கும்; 150 பவுண்டு உடையவரே அதற்கு முழுமனிதர். வயதை மட்டும் நோக்கின், 90 பவுண்டு எடையுள்ள மெலிந்த கூலியாளுக்கும் முழு அளவு சேரும்; கிளார்க் கணக்கை அவருக்கும் பொருத்தினால் ஐந்தில் மூன்று பங்கே உரியது.

தமிழகத்தில் இக்கணக்கு ஆய்வுநெறியாகவே நின்றதற்குச் சான்று, மலைநாட்டில் அன்று, சென்னையில் உள்ளது. அங்கு 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் மருந்துண்டோரையும் மருத்துவமனையில் தங்கியோரையும் ஒப்பிட்டு 1959இல் வெளியிட்ட ஆய்வில், ஐசோனியசிட்டை உடலெடையில் கிலோவுக்கு 3.9 முதல் 5.5 மில்லிகிராம் என வகுத்தது. அவ்வளவின்படி 40 கிலோ நோயாளிக்கு நாளொன்றுக்கு 156 முதல் 220 மில்லிகிராம்; 60 கிலோ உடையவர்க்கு 234 முதல் 330.