சர்வதேச நிதிக் கழகம்

சர்வதேச நிதிக் கழகம் என்பது, வளர்ந்துவரும் நாடுகளில் தனியார் நடத்தும் தொழில்களுக்கு, அந்நாட்டு அரசாங்கத்தின் உத்தரவாதம் எதனையும் கோராமல், கடனும் பங்கு மூலதனமும் அளித்து, அதன் வாயிலாகப் பொருளாதார அபிவிருத்திக்குத் துணைபுரியும் ஸ்தாபனமாகும்; இது 1956 ஜூலையில் தோற்றுவிக்கப்பட்டது. உலக வங்கித் தொகுதியைச் சேர்ந்த இதன் தலைமைக் காரியாலயம் வாஷிங்டன் நகரில் உள்ளது.

தோற்றம்: இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் உருவான உலக வங்கி, தனியாருக்குக் கடன் கொடுப்பதாயின் அவர்தம் அரசாங்கம் பிணை நிற்க வேண்டும் என்று தன் சாசனத்தால் கட்டுண்டிருந்தது. பிணை நிற்கும் அரசாங்கம் நாளடைவில் நிர்வாகத்திலும் தலையிடுமென்று தொழிலதிபர்கள் அஞ்சினர். ஒருவருக்குப் பிணை நின்றால் மற்றவருக்குப் பாரபட்சம் செய்ததாகுமென்று அரசாங்கங்கள் தயங்கின. இச்சிக்கலைத் தீர்க்கத் தனியானதொரு கழகம் வேண்டுமென்று, நெல்சன் ராக்கபெல்லர் தலைமையில் அமைந்த அமெரிக்க ஆலோசனைக் குழு 1951-இல் பரிந்துரைத்தது. ஆயினும், பொதுப்பணத்தில் இயங்கும் ஸ்தாபனம் தனியார் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பது தகாதென்று அமெரிக்க நிதித்துறை ஆட்சேபித்தமையால், பங்கு வாங்கும் அதிகாரமின்றியே, 10 கோடி டாலர் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துடன் கழகம் பிறந்தது. உலக வங்கியின் உபதலைவராயிருந்த ராபர்ட் கார்னர் இதன் முதல் தலைவரானார். 1957-இல் பிரேசிலிலுள்ள சீமென்ஸ் கம்பெனியின் கிளை நிறுவனத்துக்கு அளித்த 20 லட்சம் டாலரே கழகத்தின் முதல் முதலீடாகும். பங்கு வாங்குவதற்கிருந்த தடை 1961-இல் சாசனத் திருத்தத்தால் நீங்கியது.

அமைப்பும் செயல்முறையும்: உலக வங்கியில் அங்கத்தினராயுள்ள நாடுகளே கழகத்தில் சேரலாம், வாக்குரிமை அவை செலுத்திய மூலதனத்தைப் பொறுத்தது. இப்போது உலக வங்கியின் தலைவரே இதற்கும் தலைவராவார். ஒரு திட்டத்தின் மொத்தச் செலவில் சாதாரணமாக நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் கழகம் கொடுப்பதில்லை. பங்கு வாங்கினாலும், தானே பெரும் பங்குதாரராக இருக்க விரும்புவதில்லை. எஞ்சிய பணத்தைப் பிறர் போட முன்வருமாறு செய்வதே அதன் நோக்கம். இதற்கென வகுத்த கூட்டுக்கடன் முறையில், கடன் முழுவதும் கழகத்தின் பெயரிலேயே எழுதப்பட்டு, அதன் ஒரு பகுதியை வெளிநாட்டு வங்கிகள் ஏற்கின்றன. அந்நியச் செலாவணி முடைபட்டு, நாட்டைவிட்டு டாலர் வெளியேறுவதற்கு அரசாங்கம் தடை விதிக்கும் காலத்திலும், கழகத்துக்குரிய தவணைகளுக்கு வழக்கமாக விலக்குக் கிடைப்பதால், தனித்துச் சென்றிருந்தால் அஞ்சியிருக்கக்கூடிய வங்கிகளும் அதன் நிழலில் துணிந்து கடன் கொடுக்கின்றன.

பங்குச் சந்தைகள்: 1981 வாக்கில், கழகத்தில் பணியாற்றிய பொருளியலறிஞர் அந்துவான் வான் ஆக்ட்மேல் வழங்கத் தொடங்கிய ‘வளரும் சந்தைகள்’ என்ற பெயர் பிற்பாடு உலகெங்கும் நிலைபெற்றது. இச்சந்தைகளின் பங்கு விலைகளைப் பற்றிய புள்ளிவிவரங்களைக் கழகம் முறையாகத் திரட்டி வெளியிட்டமையால், முன்பின் அறியாத நாடுகளின் பங்குகளையும் அந்நிய முதலீட்டாளர் ஒப்புநோக்கி வாங்க இயன்றது. 1984-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற, தென்கொரியப் பங்குகளில் முதலிடும் கொரியா நிதியம் இம்முயற்சியின் ஆரம்பப் பலன்களுள் ஒன்று.

இந்தியாவில்: வீட்டுக்கு நீண்டகாலக் கடன் தரும் நிறுவனங்கள் அருகியிருந்த நாளில், மாதச் சம்பளக்காரர் பெரும்பாலும் ஓய்வுபெற்றுச் சேமநிதி கைக்கு வந்த பின்னரே மனை வாங்க முடிந்தது. இந்நிலையை மாற்றக் கருதி எச். டி. பாரேக் 1977-இல் பம்பாயில் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தில், அத்துறையின் லாபநஷ்டம் எவருக்கும் விளங்காதிருந்த ஆரம்ப காலத்திலேயே, கழகம் பங்குதாரராகச் சேர்ந்தது. 2014-இல் லண்டனில் 1,000 கோடி ரூபாய்க்குக் கழகம் வெளியிட்ட ‘மசாலா’ பத்திரங்கள் வேறொரு வகையில் முக்கியமானவை: அவை ரூபாய்க் கணக்கில் அமைந்தமையால், ரூபாயின் மதிப்புக் குறைந்தால் வரும் நஷ்டம் கடன் வாங்கியவரைச் சாராமல், பத்திரம் வாங்கியவரையே சாரும்.

கண்டனங்கள்: குஜராத்திலுள்ள முந்த்ராவில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குக் கழகம் 2008-இல் 45 கோடி டாலர் கடன் வழங்க இசைந்தது. நிலையத்தினின்று கடலில் விடப்படும் வெந்நீரால் மீன்வளமும், கரித்தூளால் தங்கள் வாழ்க்கையும் கெட்டனவென்று மீனவர்கள் முறையிட்டனர். கழகத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவும் மேற்பார்வைக் குறைபாடுகளைச் சுட்டியது. மீனவர்கள் அமெரிக்காவில் கழகத்தின்மீது தொடுத்த வழக்கில், சர்வதேச ஸ்தாபனம் என்பதால் தனக்கு வழக்கினின்று பூரண விலக்கு உண்டென்ற கழகத்தின் வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் நிராகரித்தது. எனினும், தகராறின் மூலம் இந்தியாவில் நிகழ்ந்ததாகையால் அமெரிக்காவில் விசாரிக்க இயலாதென்று கீழ்நீதிமன்றங்கள் பின்னர் வழக்கைத் தள்ளின.

லாபம் தரும் தொழிலுக்கே முதலீடு என்னும் விதியால், பிற வங்கிகளும் விரும்பிச் செல்லும் வளமான நாடுகளுக்கே கழகத்தின் பணமும் மிகுதியாகச் செல்கிறது என்பது மற்றொரு கண்டனம். இதற்குப் பரிகாரமாக, மிக வறிய நாடுகளில் நேரும் நஷ்டத்தின் ஒரு பகுதியைத் தாங்கும்பொருட்டு, ஏழை நாட்டு அரசாங்கங்களுக்குச் சலுகைக் கடன் தரும் சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தின் நிதியிலிருந்து 250 கோடி டாலர் 2017-இல் ஒதுக்கப்பட்டது. ஏழை நாட்டு அரசாங்கங்களுக்கு உரிய சலுகைப் பணம் தனியார் முதலாளிகளுக்கு மானியமாகலாமா என்ற வினாவை இவ்வேற்பாடு எழுப்பியுள்ளது. முதலீடு நாடாத இடங்களுக்கு அதனை அழைத்துச் செல்ல வேறு வழியில்லை என்பது இதனை ஆதரிப்போரின் வாதம்.